துரை சாப்பிடவில்லை

ஆகஸ்ட் 6, ஞாயிறு

டாக்டர் ஹாஜிரா எழுதி வைக்கச் சொன்னார். என்ன சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, எப்போது கழிந்தது. அதற்காகத்தான் இந்த டைரி. பம்ப் டீலர் ஒருவர் தை மாதம் கொடுத்தது. பிரிக்காமலே கிடந்தது.

இன்று காலை பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி மிருதுளா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். கடைக்கு அடுத்த கட்டடம் டாக்டரின் கிளினிக். நாய், பூனை, கிளி எல்லாம் வரும். இதை வளர்த்தவர்கள் வெளிநாடு போகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மிருதுளா தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை, "அதைக் கூட்டிட்டு வந்துரலாங்களா?" என்று கேட்டாள். ஜூனுக்குப் பிறகு அவளாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன்.

நம் ஊர் வேலிகளில் இருப்பது இல்லை இது. அதை வீட்டில் வைத்தால் வனத்துறை வந்துவிடும். இது ஏமன் நாட்டு வகை, காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. தலைக்கு மேலே கொண்டை போல ஒரு மேடு. கிளினிக்கில் துரை என்று கூப்பிடுகிறார்கள். நாங்களும் மாற்றவில்லை.

"ரெண்டு கண்ணும் தனித்தனியா வேலை செய்யுது பாருங்க. ஒண்ணு உங்களைப் பாக்குது, ஒண்ணு என்னை" என்றாள் மிருதுளா.

கூண்டைச் சின்ன ரூமில் வைத்தோம். அங்கேதான் இடம் இருந்தது. அந்த ரூமில் இருந்த சாமான்களை மிருதுளாவின் தம்பி கௌதம் போன மாதமே எடுத்துப் போய்விட்டான்.

துரை ஒன்றும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

கிளினிக்கில் தீனிக்குக் கொடுத்த கிரிக்கெட் பூச்சிகளில் நான்கை விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது நான்கும் இருந்தன. ஒன்று துரையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி குடிக்காது. இலையில் சொட்ட வேண்டும், அதை நக்கும். மெடிக்கல் ஷாப்பில் டிரிப்ஸ் ஏற்றும் பாட்டிலும் குழாயும் வாங்கி வந்தேன். மேலே சீலிங்கில் கொக்கி இருந்தது, ஏப்ரலில் அடித்தது. அதில் பாட்டிலை மாட்டினேன். உயரம் சரியாக இருக்கிறது. கீழே செம்பருத்திச் செடியின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது.

தண்ணீர் குடித்தது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சாப்பிடவில்லை. பச்சையாகக் கொஞ்சம் கழிந்தது.

ஆகஸ்ட் 10, வியாழன்

டாக்டரிடம் போனில் பேசினேன். இடம் மாறினால் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்றார். உற்றுப் பார்க்காதீர்கள், தொடாதீர்கள், மூன்று பக்கமும் துணி போட்டு மூடுங்கள், தீனியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அவ்வளவுதான்.

அம்மா ஊரில் தோட்டத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார். தினமும் கூப்பிடுகிறார். முதல் கேள்வி மாறுவதில்லை.

"மிருதுளா சாப்புட்டாளா?"

"சாப்டாங்மா."

"ஒடக்கானைப் புடிச்சு வூட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்களாமா? கௌதம் சொன்னான்."

"ஒடக்கான் இல்லீங்மா. பச்சோந்தி." அம்மாவுக்கு ஓணான் ஒடக்கான்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான். அது என்ன திங்குது?"

"ஒண்ணும் திங்கலீங்மா."

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஒரு மாவுப்புழு குறைகிறது. சாப்பிட்டதா, கூண்டுக்கு வெளியே போய்விட்டதா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தால் வேறொரு பச்சோந்தி என்று நினைத்துப் பயந்து, சாப்பிடாமல் இருக்கும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். சின்ன ரூம் ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டினேன். பசை காய்ச்சியது மிருதுளா. மைதா பசை. நான் ஸ்டூலில் நின்றேன், அவள் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஒரு தாளில் திருமண மண்டப விளம்பரம், இன்னொன்றில் குழந்தைகள் மருத்துவமனைத் திறப்பு விழா. அதை அவள் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டு அடுத்ததைக் கொடுத்தாள்.

அந்த ரூமுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் பச்சோந்தியைப் பார்க்க வந்தபோது, "நல்ல கலருங்க, இதுக்குன்னே அடிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மிருதுளா அப்போது சமையலறையில் இருந்தாள். கேட்டிருக்கும்.

பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டேன்.

துரை: தண்ணீர் குடித்தது. செம்பருத்திப் பூவில் ஒரு இதழைக் கடித்துவிட்டு விட்டுவிட்டது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. மிருதுளா காலையிலிருந்து சின்ன ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் உற்றுப் பார்க்கக் கூடாது என்று சொன்னாரே என்றேன்.

"நான் பாக்கலீங்க. சும்மா உக்காந்திருக்கறேன்."

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தாள், ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டாள், திரும்பவும் போய்விட்டாள். நான் ஹாலில் டிவி போட்டுக்கொண்டு படுத்தேன். இப்போதெல்லாம் ஹாலில்தான் படுக்கிறேன். அவளுக்கு நல்ல தூக்கம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 16, புதன்

பம்ப் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் இருதயராஜ் கேட்டார், "வீட்ல எப்பிடி இருக்காங்க?" என்று. பரவாயில்லை என்றேன். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்வது எளிதாக இருக்கிறது. பிறகு மோட்டாரைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டினோம். சத்தம் சரியில்லை. கழற்றிப் பார்த்தால் எல்லாப் பாகமும் நன்றாகவே இருக்கிறது. மறுபடி மாட்டி ஓட்டினால் அதே சத்தம்.

துரை சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நிறம் மாறிவிட்டது. பச்சை போய்க் கறுத்து, அதன் மேல் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, கூண்டின் நான்கு மூலைகளையும் சுற்றிச் சுற்றி வருகிறது. செம்பருத்தித் தொட்டியில் இறங்கி முன்காலால் மண்ணைக் கிளறியது. தொட்டி சிறியது, உள்ளே முழுக்க வேர். கிளறிவிட்டு நின்றது. பிறகு ஏறிப் போய்விட்டது.

"எதையோ தேடுதுங்க" என்றாள் மிருதுளா.

நாளை டாக்டரிடம் போகிறோம்.

ஆகஸ்ட் 19, சனி

டாக்டர் துரையைத் துணியில் பிடித்து, பின்னங்காலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"துரைன்னு யாருங்க பேர் வெச்சது? எங்க பசங்களைத்தான் சொல்லணும். ஆணா இருந்தா குதிகால்ல முள்ளு மாதிரி ஒண்ணு இருக்கும். இதுக்கு இல்ல பாருங்க. இது பொண்ணு."

வயிற்றைத் தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்.

படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன். மிருதுளா பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"இதெல்லாம் முட்டைங்களா?"

"ஆமா. வயிறு பூரா அதுதான். அதான் தீனி எறங்கல."

"ஆண் பச்சோந்தி கூட இல்லீங்களே?"

"ஆண் வேணும்னு இல்ல. கோழி போடற மாதிரிதான். இதுல ஒண்ணும் பொரியாது, உயிர் கிடையாது. ஆனா அதுக்கு அது தெரியாதே. குழி தோண்டி உள்ள போட்டு மூடணும்னு மட்டும் தெரியும். தோண்ட மண்ணு கெடைக்காம உள்ளயே புடிச்சு வெச்சிருக்கு."

"அப்பிடியே இருந்தா?"

"செத்துரும்" என்றார் டாக்டர். "இன்னும் நேரம் இருக்கு. ஒரு பெரிய பக்கெட் நெறைய ஈர மணல் வெச்சுக் குடுங்க. கூண்டை முழுசா மூடிருங்க, கதவைச் சாத்திருங்க. தோண்டும்போது யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சா பாதியில விட்டுரும். அப்பறம் திரும்பத் தோண்டாது. உள்ள போகவே போகாதீங்க."

திரும்பி வரும்போது மிருதுளா துரையின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றோம்.

"அதுக்குத் தெரியாதாமா" என்றாள். பிறகு, "நான் தெரிஞ்சுதான் பெத்தேன்" என்றாள்.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள். கேட்டு ஒரு மூட்டை மணல் கொண்டுவந்தேன். சலித்துக் கழுவி, அதோடு தோட்டமண் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் குத்தினால் துளை சரியக் கூடாது. இதெல்லாம் எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்.

இரண்டு கையாலும் மண்ணை அள்ளினேன். அப்படியே இருந்தேன். கை கீழே போகவும் இல்லை, மேலே வரவும் இல்லை.

"என்னாச்சுங்க?"

"இடுப்புப் புடிச்சுக்கிச்சு."

மிருதுளா என் கையைப் பார்த்தாள். இடுப்பைப் பார்க்கவில்லை. "தள்ளுங்க" என்று சொல்லி, சுடிதாரை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு உட்கார்ந்து, சப்பாத்தி மாவு பிசைவது போலப் பிசைந்தாள். பக்கெட்டை நான் தூக்கிப் போய்க் கூண்டுக்குள் வைத்தேன். போர்வை போட்டு மூடினோம். வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

அதற்குப் பிறகு அவளுக்குப் போவதற்கு இடம் இல்லை. ஹாலில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். நான் டிவியை நிறுத்திவிட்டு நானும் ஒரு கை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் உரித்தோம்.

"பாப்பாவை எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்டாள்.

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஜூன் பத்தொன்பது. பிரசவம் ஆனதும் அவளுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கௌதம் கார் ஓட்டினான், நான் மடியில் வைத்துக்கொண்டேன். அன்னூர் தாண்டித் தோட்டத்துக்குப் போனோம். அம்மா ஆள் விட்டுக் குழி எடுத்து வைத்திருந்தார். நான்தான் உள்ளே இறக்கினேன். கையால்தான் மண் தள்ளினேன். மண்வெட்டியால் தள்ள மனசு வரவில்லை. மண் ஈரமாக இருந்தது, முந்தின நாள் மழை. எல்லாம் முடிந்ததும் அம்மா சொன்னார், "தாய்க்கு எடம் தெரியக்கூடாது சாமி. தெரிஞ்சா நெனப்பு அங்கயே நின்னுக்கும். நீயும் மறந்துரு." சரி என்றேன். அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

மிருதுளா உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைத் துணி மட்டுமா?"

"அதுக்கு மேல என் துண்டு."

"எந்தத் துண்டு?"

"கட்டம் போட்டது. ஊதா."

தலையாட்டினாள். அந்தத் துண்டைத் தேடியிருக்கிறாள் போலிருக்கிறது.

"நீங்க அழுதீங்களா?"

"இல்ல."

"நானும் அங்க போகணுங்க."

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"அத்தைகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?"

துரை முட்டை போட்டு முடிக்கட்டும் என்றேன்.

"சரி, முடிக்கட்டும்" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கதவில் காது வைத்தால் கேட்கிறது. மண் பறிக்கும் சத்தம். நிற்கிறது, மறுபடி பறிக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் இருவரும் மாறி மாறிக் காது வைத்தோம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சத்தம் இல்லை. திறந்து பார்க்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 23, புதன்

காலையில் மிருதுளா மெதுவாகக் கதவைத் திறந்து போர்வை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

துரை மேல்கிளையில் இருந்தது. விலா இரண்டும் ஒட்டிப் போய், தோல் தொங்கியது. மூக்கிலும் நகங்களிலும் மண். தண்ணீர் சொட்டும் இடத்தில் வாயைத் திறந்து வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தது. பக்கெட்டில் மண் சமமாக இருந்தது. எங்கே தோண்டியது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படித் தட்டி மூடியிருக்கிறது.

எல்லாம் வந்துவிட்டதா என்று எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மிருதுளா கையாலேயே விலக்கி எடுத்தாள். அடியில், பக்கெட்டின் ஓரமாக, மொச்சைக் கொட்டை அளவில் வெள்ளை வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. நிறைய. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவற்றைக் கீழே கொண்டுபோய் அபார்ட்மென்ட் காம்பவுண்டு ஓரத் தென்னை மரத்தடியில் புதைத்தோம். வாட்ச்மேன் என்ன என்று கேட்டார். உரம் என்றாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

துரை சாப்பிட்டது.

கிரிக்கெட் பூச்சி எதிர்க் கிளையில் இருந்தது. துரையின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. நாக்கு போனதையும் வந்ததையும் நான் பார்க்கவில்லை. பூச்சி இருந்தது, பிறகு இல்லை. அவ்வளவுதான். மொத்தம் ஆறு சாப்பிட்டது.

பேரை மாற்ற வேண்டுமா என்று மிருதுளாவைக் கேட்டேன். "துரைன்னே இருக்கட்டும், அதுக்கென்ன" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் நான் இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டேனாம். அவள்தான் சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

அம்மாவைக் கூப்பிட்டேன். நாளைக்கு வருகிறோம் என்றேன்.

"அவளுமா?"

"ஆமாங்மா."

"சொல்லிப்போட்டியா?"

"கேட்டா. சொல்லிட்டேன்."

"செரி, வெயிலுக்கு முன்னால வாங்க" என்றார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

துரைக்கு ஐந்து பூச்சிகளை விட்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கிளம்பினோம். மிருதுளா வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். தலையில் வைக்கவில்லை. இலையில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தாள்.

வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தினேன். அம்மா கட்டுத்தறியில் சாணி வழித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார். நான் முன்னால் நடந்தேன், மிருதுளா பின்னால் வந்தாள்.

வடக்கோரம் வாய்க்கால் வரைக்கும் உழுது சோளம் விதைத்திருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து வந்திருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே பச்சை.

எனக்கு இடம் தெரியவில்லை.

வாய்க்காலை ஒட்டி என்று ஞாபகம். வாய்க்கால் நீளமானது. அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை. குழி எடுத்தவரின் மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றியிருந்தது, அது ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. வாய்க்கால் ஓரமாகவே போனேன், திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

"எங்கீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா, எங்க?"

டிராக்டர் மேலே ஓடியிருக்கும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சோளத்துக்குள் இறங்கி, குனிந்து, மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் தெரியும் என்பது போல. எல்லா மண்ணும் ஒன்றாகத்தான் இருந்தது. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. மிருதுளா ஓடி வந்து என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் சோளப் பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். நிறுத்த முடியவில்லை.

"மறந்துட்டேன் மிருது. அம்மா மறக்கச் சொன்னாங்க, நான் மறந்துட்டேன்."

அம்மா வந்தது தெரியாது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே எங்களைத் தாண்டி வரப்பில் போனார். எங்கும் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"இங்க வா சாமி" என்றார்.

சோளத்துக்கு நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு உழாத இடம். ஒரு பயிர் இல்லை, ஒரு களை இல்லை. கூட்டி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. சுற்றிலும் சோளம் மறைத்திருந்தது.

"டிராக்டர்காரன்கிட்ட இந்த எடத்த வுட்டுப்போட்டு ஓட்டுன்னு சொன்னேன்" என்றார் அம்மா. "கோணலாப் போவுதுன்னான். போனாப் போவட்டும்னேன்."

மிருதுளா அந்த இடத்தையும் அம்மாவையும் பார்த்தாள்.

"நீங்க தெனமும் வர்றீங்களா, அத்தை?"

"மாட்டுக்குப் புல்லறுக்க வருவேன். அப்ப களை இருந்தாப் புடுங்குவேன்." முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். பிறகு எடுத்தார். "ஒனக்குத் தெரியவேண்டாம்னு நாந்தான் சொன்னேன் கண்ணு. ஒம்மேல கோவத்துல இல்ல."

"தெரியுங்க அத்தை."

மிருதுளா இலையைப் பிரித்துப் பூவை எடுத்தாள். வைக்கப் போனவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"தலை எந்தப் பக்கமுங்க?"

"தெக்கால, கண்ணு."

தெற்குப் பக்கமாகச் சுற்றிப் போய், பூவை அங்கே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா வரப்பில் உட்கார்ந்தார்.

நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.